வாஷர் தேர்வான விதம்

குழாய் செய்து விற்கிற அந்தப் பெரிய நிறுவனத்தில் ஒழுகுகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவர்களுடைய கணினி அறை. நாடெங்கும் சமையலறையிலும் குளியலறையிலும் ஒரு சொட்டுச் சிந்தாது என்று விளம்பரம் செய்கிறவர்கள், தங்கள் அறையில் ஒழுகுகிற ஏசிக்குக் கீழே ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். அது நிரம்ப நிரம்பக் கொண்டுபோய்க் கொட்டுகிறவர் கணினிப் பிரிவின் துணை மேலாளர். பதவியின் பெயர் நீளமாக இருந்ததால் எல்லோரும் அவரை வாளி சார் என்றே கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேறு பெயர் இருந்தது.

வாளி சாரின் சட்டைப் பையில் ஆபீஸ் கொடுத்த கறுப்புப் போன் ஒன்று எப்போதும் கிடக்கும். அறையில் சூடு ஏறினால் அது தானாகவே அலறும். அலறினால் ஓட வேண்டும். ஓடாவிட்டால் கணினிகள் நிற்கும், கணினிகள் நின்றால் ஒரு கிளையிலும் பில் போட முடியாது. மகள் பிறந்த அன்றைக்கு அது அலறியது. பிரசவ அறைக் கதவு திறந்தபோது வாசலில் அப்பா இல்லை, மாமியார்தான் இருந்தார். அந்த விஷயத்தை மனைவி அதற்கப்புறம் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

இப்போது மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பிழைக்கிற குரல் அவளுடையது. கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற கணீர்க் குரல். ஆபரேஷனில் அந்தக் குரலுக்கு என்ன ஆகும் என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நிதானமாகச் சொன்னாள். "குரல் மாறுதோ, போகுதோ, கண்ணு முழிச்சதும் முதல்ல உங்ககிட்டதான் பேசிப் பாக்கணும். அன்னிக்கு அந்தப் போன் உங்க பையில இருக்கக் கூடாது. யாருகிட்டயாவது குடுத்துட்டு வாங்க."

யாரிடம் கொடுப்பது?

அந்த நேரம் பார்த்துத்தான் கடவுள் கண் திறந்தது போல ஓர் அறிவிப்பு வந்தது. நிறுவனம் கிளவுடுக்கு மாறப்போகிறது. அதாவது இனிமேல் கணினிகள் வேறொருவர் இடத்தில் இருக்கும். அவற்றை அவர்களே வைத்து, அவர்களே பராமரித்து, கெட்டுப்போனால் அவர்களே ஓடுவார்கள். நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து இணையம் வழியாக வேலை பார்த்தால் போதும். அப்படிப்பட்ட வழங்குநர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். பொது மேலாளர் தலைவர், நிதி மேலாளரும் சட்டப் பிரிவு அம்மாவும் உறுப்பினர்கள், வாளி சார் செயலர். ஆபரேஷன் தேதிக்குள் தேர்வு முடிந்துவிட்டால் அந்தக் கறுப்புப் போனைப் புது வழங்குநரிடம் கொடுத்துவிடலாம். அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனார், பாவம்.

அந்த நிறுவனத்தின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எந்த விஷயத்திலும் முதலில் வாயைத் திறக்கிறவர்தான் அதற்குப் பொறுப்பு. எழுதிவைத்த சட்டமல்ல, ஆனால் எழுதிவைத்ததைவிடக் கறாராக நடந்தது. ஒரு காலத்தில் பேக்கிங் மேலாளர் ஒருவர் புது அட்டைப் பெட்டியைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லித் தொலைத்தார். மழையில் பெட்டி ஊறியது. அன்றிலிருந்து அவர் கழிவறையை ஒட்டிய ஒரு சின்ன அறையில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்துப் பார்த்து மற்றவர்கள் தேறிவிட்டார்கள். கூட்டத்தில் பிஸ்கட் தட்டு வைத்தால்கூட யாரும் முதலில் கை நீட்டுவதில்லை. பிஸ்கட் வந்தபடியே முழுசாகத் திரும்பிப் போகும்.

முதல் கூட்டத்தில் பொது மேலாளர் அரைமணி நேரம் பேசினார். அதன் சாரம் கடைசியில் வந்தது.

"நம்ம நிறுவனத்துல தனி மனுஷன் முடிவு எடுக்கறதில்ல. முடிவு தானா எடுக்கப்படும். நாம அதுக்கு இடம் விட்டு, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். அதுக்குப் பேருதான் நிர்வாகம்."

எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே சமயத்தில்.

மூன்று வழங்குநர்கள் போட்டிக்கு வந்தார்கள். மூன்று பேருமே நல்ல நிறுவனங்கள், அதுதான் தொல்லையாகப் போய்விட்டது. ஒருவருக்கு அதிக மதிப்பெண் போட்டால், "நீதானே அவனைக் கொண்டுவந்தாய்" என்று நாளைக்குக் கேள்வி வரும். குறைத்துப் போட்டால், "நீதானே அவனைத் துரத்தினாய்" என்று வரும். எனவே எல்லோரும் எல்லோருக்கும் நடுவில் உள்ள மதிப்பெண்ணையே போட்டார்கள். கூட்டிப் பார்த்தால் மூவரும் சமம். இவ்வளவு துல்லியமான மதிப்பீட்டைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று நிதி மேலாளர் பூரித்துப்போனார்.

நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று வேனில் கிளம்பினார்கள். முதல் வழங்குநரின் வாசலில் காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டினார். முதல் வரி காலியாக இருந்தது. யார் முதலில் கையெழுத்துப் போடுவது? பொது மேலாளர் நிதி மேலாளரைப் பார்த்தார். நிதி மேலாளர் வானத்தைப் பார்த்தார். சட்ட அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வேன் அப்படியே திரும்பியது. "தொலைவிலிருந்து பார்த்தவரையில் கட்டடம் உறுதியாகத் தெரிகிறது" என்று அறிக்கை தயாரானது.

அதன் பிறகு வழங்குநர்களையே இங்கே வரவழைத்துப் பேசினார்கள். மூவரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே கேட்டார்கள். உங்கள் பக்கத்தில் ஒரு பொறுப்பாளரின் பெயரைக் கொடுங்கள், ஏதாவது பெரிய முடிவு என்றால் அவரிடம் கேட்டுக்கொண்டு செய்வோம் என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அறையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. அவர்கள் போன பிறகு பொது மேலாளர் கொதித்துப்போனார். பொறுப்பைத் தள்ளிவிடத்தானே கிளவுடுக்கே போகிறோம், அதைத் திருப்பி நம் தலையிலேயே கட்டப் பார்க்கிறார்களே, என்ன தைரியம் என்று குதித்தார். வாளி சார் மேஜைக்குக் கீழே விரல் விட்டு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. போதாக்குறைக்கு வெயிலும் ஏறியது, வாளி முன்னைவிடச் சீக்கிரம் நிரம்பியது.

இந்த முட்டுச்சந்தில்தான் வெளியிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூட்டிவந்தார்கள். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். வழங்குநர்களின் பெயரையே மறைத்துவிடுங்கள் என்றார் அவர். யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரியாமலே தேர்ந்தெடுத்தால், தேர்ந்தெடுத்தவர் என்று யாருமே இருக்க மாட்டார் அல்லவா? குழுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெயருக்குப் பதில் எண் கொடுக்கலாமா என்றால், ஒன்று என்பவருக்கு முதலிடம் கொடுத்ததாகிவிடும். எழுத்து வைத்தாலும் அதே வம்பு. கடைசியில் நிறுவனத்தின் சொந்தச் சரக்கிலிருந்தே பெயர் வைத்தார்கள். எல்போ, வால்வு, சாக்கெட்.

கூட்டம் முடிந்ததும் ஆலோசகர் வாளி சாரைத் தனியே அழைத்தார். "ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு வேணுமில்லையா? இப்ப நீங்க வெச்சிருக்கற அறையையும் நாலாவது ஆளா சேர்த்துடுங்க. குழுவுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா பாரபட்சம் வந்துடும்."

அதற்கு, குழாய்க்குள் ஒழுகாமல் அடைக்கிற சின்ன வளையமான வாஷரின் பெயரை வைத்தார்கள். மற்ற மூவரும் புத்தகம் புத்தகமாகப் பதில் எழுதியிருந்த கேள்விகளுக்கு வாளி சார் உள்ளதை உள்ளபடி எழுதினார். குளிரூட்டும் ஏற்பாடு? ஏசி ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். ஏதாவது நின்றுபோனால்? போன் அடிக்கும், ஒருவர் ஓடிவருவார். பொறுப்பாளர் யார்? அவரேதான். வாடிக்கையாளர் தரப்பில் யார் கையெழுத்துப் போட வேண்டும்? யாரும் வேண்டாம். எழுதிவிட்டுத் தாமே சிரித்துக்கொண்டார். இதைப் போய் எந்தப் பைத்தியம் தேர்ந்தெடுக்கும் என்று நினைத்தார்.

வாஷரையும் நேரில் பார்க்க வேண்டும் என்று குழு பிடிவாதம் பிடித்தது. ஆலோசகர் அசரவில்லை. எல்லோரையும் வேனில் ஏற்றி, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ஊரைச் சுற்றோ சுற்று என்று சுற்றி, அதே கட்டடத்தின் பின்வாசலில் கொண்டுவந்து இறக்கினார். அங்கே பதிவேடும் கிடையாது, காவலாளியும் கிடையாது. பொது மேலாளர் அந்த நிறுவனத்தில் தலை நரைத்தவர். தன் கட்டடத்துக்குப் பின்வாசல் ஒன்று உண்டென்பதே அவருக்குத் தெரியாது. கணினி அறைக்குள் அவர் காலெடுத்து வைத்ததும் அன்றைக்குத்தான்.

உள்ளே அனல் அடித்தது. வாளி தளும்பிக்கொண்டிருந்தது. வாளி சார் பயந்தது போலவே அவர் பையில் போன் அலறியது. அவருக்கு யோசிக்க ஏது நேரம், ஒரே பாய்ச்சலில் போய்ப் பெரிய ஃபேனைப் போட்டார், கதவை விரியத் திறந்தார், வாளியை மாற்றினார். பொது மேலாளருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அடுத்தவங்க இடத்துல போய் எதையும் தொடாதீங்க சார். நம்ம மானம் போகுது."

"சார், இது நம்ம..." என்று வாளி சார் ஆரம்பித்தார்.

சட்ட அம்மா விரலை உயர்த்தினார். "யாரோட இடம்னு பேர் வெளிய வந்தா தேர்வு ரத்து. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

மறுபடி முதலிலிருந்தா? ஆபரேஷனுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. வாளி சார் சொல்ல வந்ததை மென்று விழுங்கினார். அந்த ஒரு நிமிடத்தில் பேசியிருந்தால் என்ன என்று பின்னால் எத்தனையோ தடவை தம்மைத் தாமே நொந்துகொண்டார்.

குழு அறையைச் சுற்றிச் சுற்றி வந்து வியந்தது. ஆளே இல்லாமல் ஓர் அறை தானாக ஓடுகிறதே, இதல்லவா தொழில்நுட்பம் என்றார் நிதி மேலாளர். வாளியைப் பற்றி ஆலோசகர், "தண்ணீர் வீணாகாத குளிரூட்டல்" என்று மெல்லச் சொன்னார்.

மதிப்பெண் போடும் நாள் வந்தது. வழக்கம்போல் எல்லாக் கேள்விக்கும் எல்லோரும் நடு மதிப்பெண்தான் போட்டார்கள். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் கை தானாக உச்சத்துக்குப் போய்விட்டது. நம் தரப்பில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்ற கேள்வி அது. யாரும் வேண்டாம் என்று சொன்னவர் வாஷர் ஒருவர்தான். உறையைப் பிரித்தார்கள். வாஷர் என்பது தங்கள் கணினி அறையேதான், அதன் பொறுப்பாளர் வாளி சார் என்று சட்ட அம்மா வாசித்தார்.

எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எவ்வளவு பெரிய அபத்தம் என்றும் விளங்கிவிட்டது. அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சொன்னால் முதலில் சொன்னவராகிவிடுவார்களே!

பொது மேலாளர் தொண்டையைச் செருமினார். "தேர்வு முறை சரி. முறை சரின்னா முடிவும் சரிதான். முடிவு தப்புன்னு நினைக்கறவங்க யாராவது இருந்தா, முதல்ல சொல்லலாம்."

யாரும் சொல்லவில்லை. வாளி சார் எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சட்ட அம்மா தடுத்துவிட்டார். "நீங்க பேசக் கூடாது. நீங்க இப்ப எதிர்த்தரப்பு."

ஊழியர் ஒருவரே வழங்குநராகவும் இருப்பது விதிக்கு முரண் என்பதால், ஒப்பந்தம் ஆகிறவரை அவருடைய வேலை நிறுத்திவைக்கப்பட்டது. மறுநாள் காலை அவருடைய அடையாள அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை. தினமும் அவருக்கு முதல் வணக்கம் சொல்கிற வரவேற்பறைப் பெண் சங்கடத்தோடு பார்வையாளர் அட்டையை நீட்டினாள். "யாரைப் பாக்க வந்திருக்கீங்கன்னு கேக்கச் சொல்லியிருக்காங்க சார்" என்றாள். வாளியைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றார் அவர். பார்வையாளரை உள்ளே விட ஓர் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். எந்த அதிகாரி முதலில் போடுவார்? நாள் முழுக்க வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருந்தார். போன் அலறிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்தான் இரக்கப்பட்டு, தன் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் வாளியைக் கொட்டிவிட்டு வந்தாள்.

ஆபரேஷன் நாளும் வந்தது. காலையில் ஒப்பந்தத்துக்கு வரச்சொல்லித் தகவல். வரும் வழியில் மனைவியையும் மாமியாரையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அதே வார்த்தையைத்தான் மகள் பிறந்த அன்றும் சொன்னார். மனைவி அவருடைய சட்டைப் பையை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

குழு முழுவதும் வரவேற்பறைக்கே இறங்கி வந்திருந்தது. உள்ளே கூட்டிப்போனால்தான் யாராவது கையெழுத்துப் போட வேண்டுமே. சட்ட அம்மா ஒப்பந்தத்தை வாசித்தார். அழைப்பு வந்தவுடன் வழங்குநர் எடுத்தாக வேண்டும், நல்லது கெட்டது நோய் நொடி எதுவும் காரணமாகாது என்று இருந்தது. வாளி சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு என் மனைவிக்கு ஆபரேஷன்" என்றார்.

சட்ட அம்மா பக்கங்களைப் புரட்டித் தேடினார். "வழங்குநருக்கு மனைவி இருக்கக் கூடாதுன்னு இதுல எங்கயும் இல்ல. அதனால நமக்கு ஆட்சேபணை இல்ல."

பொது மேலாளர் வாளி சாரின் தோளில் கை வைத்தார். "இதை நீங்க சுமையா நினைக்கக் கூடாது. இத்தனை பேர் சேர்ந்து ஒருத்தரை நம்பறோம்னா சும்மாவா? நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தா எங்க யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அந்த அளவுக்கு உங்களை நம்பறோம்."

வாளி சார் பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். "வழங்குநர் மாட்டேன்னு சொல்லலாமா?"

"ஊழியர் சொல்ல முடியாது. வழங்குநர் சொல்லலாம். அது அவர் உரிமை" என்றார் சட்ட அம்மா. விதி கேட்டால் உடனே சொல்லிவிடுவது அவருடைய பழக்கம்.

"அப்ப நான் மாட்டேன்."

அந்தக் கட்டடத்தில் ஒரு விஷயத்தை ஒருவர் முதலில் சொல்லிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. எல்லோரும் திறந்த வாய் மூடாமல் நின்றார்கள். வேலை போய்விடுமோ, வீட்டுக் கடன் என்னாகும், மகள் படிப்பு என்னாகும் என்று எல்லாமே அவர் மண்டைக்குள் ஒரே நேரத்தில் ஓடின. இருந்தாலும் கால் நிற்கவில்லை. கறுப்புப் போனை வரவேற்பு மேஜையில் வைத்தார், பார்வையாளர் அட்டையை அதன் மேல் வைத்தார், தெருவில் இறங்கி ஓடினார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அவருடைய பை தட்டையாக இருப்பதைப் பார்த்து அவள் கையை நீட்டினாள்.

"குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

"யாருகிட்ட?"

அதற்குள் வண்டி கதவுக்குள் போய்விட்டது.

வெளியே பெஞ்சில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போன் இல்லாத பையை நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். இந்நேரம் அறை எப்படிக் கொதிக்கிறதோ, அது அங்கே மேஜையில் அலறிக்கொண்டே கிடக்கிறதோ என்று மனம் அரித்தது. சனியனை விட்டுத் தொலைத்தாயிற்றே, இன்னும் என்ன என்று தம்மையே திட்டிக்கொண்டார். திட்டியும் அடங்கவில்லை. தம் சொந்தப் போனை எடுத்து அந்த எண்ணைக் கூப்பிட்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குக் கண்ணால் பார்ப்பது போலத் தெரிந்தது. பொது மேலாளர், நிதி மேலாளர், சட்ட அம்மா எல்லோரும் மேஜையைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எடுத்தவர் பொறுப்பு. ஒருவர்கூடத் தொட மாட்டார். வைத்துவிடலாம் என்று அவர் நினைத்த நேரத்தில் மணி நின்றது.

"வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?"

வரவேற்பறைப் பெண். மணி அடித்தால் எடுப்பது அந்தக் கட்டடத்தில் அவளுக்கு மட்டும்தான் வேலை. ஐயோ, கீழே வைத்துவிடம்மா என்று வாளி சார் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அந்தப் பக்கத்தில் படபடவென்று சத்தம் கேட்டது.

"சார், நீங்களா?" என்றாள் அவள். "இங்க எல்லாரும் என்னைப் பாத்துக் கை தட்டறாங்க. எதுக்கு சார்?"

அவரை அறியாமலே வாயில் வந்தது இதுதான்: "முதல்ல அந்தப் பெரிய ஃபேனைப் போடும்மா. கதவைத் திறந்து வை." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

மதியம் தாண்டி மனைவியை வெளியே கொண்டுவந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர், குரலைப் பேசிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். வாளி சார் கட்டிலை ஒட்டி நின்றார். இந்தத் தடவை இருந்தார். அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள், அவருடைய பையைப் பார்த்தாள். உதட்டை நனைத்துக்கொண்டு பேச முயன்றாள். முதலில் காற்றுத்தான் வந்தது. அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"யாருகிட்ட குடுத்தீங்க?"

"ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு" என்றார். சந்தோஷத்தில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. குரல் இருக்கிறது!

அவள் மறுபடியும் உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு வீட்டுல யாரும் இல்லையா?"

லேசாகக் கரகரத்தது. மற்றபடி அதே குரல்தான், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல்.